பிலோ அக்கா மேடையில் சொன்னது

கிள்ளையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது தமிழரசியின் அழைப்பு வந்தது. சிதம்பரத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஆய்வு மையத்தில் தட்டச்சு செய்பவள் அவள்.

"வாசுகி, பிலோ அக்கா போயிட்டாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில."

"ஆஸ்பத்திரியா? எதுக்கு?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? கேன்சருக்கு ரொம்ப நாளா பாத்துக்கிட்டிருந்தாங்களே."

எனக்கு அழுகை வரவில்லை. இதையும் என்னிடம் மறைத்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது.

பிலோமினாவை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். மையத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நீங்கள் அவரைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகள் எதையும் நான் மறுக்கவில்லை. என்னையும் பேசச் சொன்னார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று சொல்லக்கூடியதாக என்னிடம் எதுவும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு நாங்கள் இருவரும் அந்த மையத்தில் சேர்ந்தோம். ஆலைகள் புதிய இயந்திரங்களுக்கு மாறிவந்த நேரம். புதிதாகப் பயிற்சி பெறும் தொழிலாளர்களுக்கு வேலை நிலைக்கிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. பிலோ அக்கா மங்கலம்பேட்டைக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் கணவர் வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். குடும்பம் அக்காவின் சம்பளத்தில் ஓடியது.

அந்தச் சம்பளமும் ஒப்பந்தச் சம்பளம்தான். ஆண்டுதோறும் எங்கள் ஒப்பந்தம் முடியும். சில நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். இடைவெளியில்லாமல் வேலை பார்த்தோம் என்று நாளைக்கு நாங்கள் உரிமை கேட்டுவிடக் கூடாது அல்லவா! செம்மங்குப்பத்துத் தொழிலாளி ஒருவர் தன் ஆலையிலும் இதே ஏற்பாடுதான் என்று விவரித்த நாளில், திரும்பி வரும் பேருந்தில் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்: "நாம யார ஆராய்ச்சி பண்றோம் வாசுகி? அவுங்களையா, நம்மளையா?"

அந்தத் தொழிலாளியின் பெயர் வேண்டாம். பெரியவர் என்றே சொல்கிறேன். ஓர் இரசாயன ஆலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர். புதிய இயந்திரத்தை இயக்கப் பயிற்சி தருகிறோம், முதலில் பழைய வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுங்கள், பயிற்சி முடித்ததும் புதிய பொறுப்பில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். முடித்தபின் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அனுப்பிவிட்டார்கள். அதே ஆலையில் பீப்பாய் உருட்டும் வேலை. அவரோடு பயிற்சிக்குப் போன எல்லாருக்கும் இதே கதைதான்.

இதை அவர் எங்களிடம் எளிதில் சொல்லவில்லை. முதல் இரண்டு முறை போனபோதும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லி எழுந்துவிட்டார். மூன்றாம் முறை அக்கா கேள்வித்தாளை வெளியே எடுக்கவேயில்லை. தரையில் உட்கார்ந்து தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "மில்லு மூடினப்புறமும் தெனம் காலைல குளிச்சு, சட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாரு. எங்க போறதுன்னு தெரியாது. நான் பாத்தும் பாக்காத மாதிரி உள்ள போயிடுவேன்." பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாங்கள் எதுவும் கேட்காமலே, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

முடிக்கும்போது, "இது வெளிய தெரிஞ்சா இருக்கிற வேலையும் பூடும்" என்றார்.

"உங்க பேரு எங்கயும் வராது. நீங்க சொன்னது வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அக்கா.

அன்று அவர் மனைவி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. மீன் குழம்பு. அக்கா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பயிற்சி அந்தத் தொழிலாளர்களுக்கு இருந்த பாதுகாப்பையும் பறித்துவிட்டது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அதைக் கடலூரில், அதிகாரிகளும் ஆலை நிர்வாகிகளும் வரும் ஒரு கருத்தரங்கில், அக்கா வாசிப்பதாக முடிவானது. "பெரியவர கூட்டிக்கிட்டு வா வாசுகி. பின்னால உக்காந்தா யாருக்கும் தெரியாது. அவுங்க கதைய நாம சொல்றத அவுங்களும் கேக்கட்டும்" என்று சொன்னவரும் அக்காதான். அதற்குப் பிறகு மையத்தின் இயக்குநர் ஒரு நாள் அவரை மட்டும் அறைக்கு அழைத்தார். நெடுநேரம் பேசினார்கள். வெளியே வந்த அக்கா, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரியவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, சலவைச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நான்.

அக்கா தாளிலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்தார். பயிற்சி பெற்றவர்கள் புதிய சூழலுக்கு நன்றாகப் பழகிக்கொண்டார்கள் என்றார். ஒப்பந்த முறையை அவர்கள் ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறார்கள் என்றார். நாங்கள் எழுதியது அதுவல்ல. அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்கும் என்று காத்திருந்தேன். அந்த 'ஆனால்' வரவே இல்லை. கைதட்டினார்கள்.

பெரியவர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அவுங்க சொன்னது எங்களப் பத்தியாம்மா?"

"நாங்க எழுதினது அது இல்லைங்கய்யா" என்றேன்.

"என் பேரு வராதுன்னாங்க, செரி. நான் சொன்னதும் வரலியே" என்றார். போய்விட்டார்.

தேநீர் இடைவேளையில் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏன்க்கா?" என்று கேட்டேன். "இப்ப வேணாம் வாசுகி" என்று கையை விடுவித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருக்குப் பணி நிரந்தர ஆணை வந்தது. என் ஒப்பந்தம் முடிந்தபோது என்னை மறுபடி கூப்பிடவில்லை. என் கடைசி நாளில் அக்கா விடுப்பு எடுத்திருந்தார்.

பல ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தானே புயல் அடித்துப் போட்ட சில மாதங்களுக்குப் பிறகு, கடலூர் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மிகவும் மெலிந்திருந்ததால் அக்கா என்று உடனே தெரியவில்லை. பாண்டிச்சேரிக்கு ஒரு வேலையாகப் போவதாகச் சொன்னார். எங்கள் முந்திரித் தோப்பைப் பற்றி விசாரித்தார். ஒரு மரம்கூட நிற்கவில்லை என்றேன். அதற்குமேல் ஊர்க்கதை பேச என்னால் முடியவில்லை. அன்று ஏன் அப்படி வாசித்தீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன்" என்றார் அக்கா. "கேட்டா அது பொய்யாத்தான் இருக்கும். அந்த ஆர்டர இன்னிக்குக் குடுத்தாலும் வாங்கிக்குவேன். புள்ளைங்க ரெண்டும் படிச்சு வேலைக்குப் போயிடுச்சுங்க."

"அவுரு உங்கள நம்பித்தானே சொன்னாரு?"

"ஆமா" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. இயக்குநர் மேல் பழியைப் போடவுமில்லை. புதுவைப் பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டார். அது மருத்துவமனைப் பயணம் என்று தமிழரசி சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடக்கத்துக்குப் போகும் முன் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எங்க வூட்ல சாப்ட்டாங்களே, அந்தம்மாவா?" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் லீவு போட்டா வேற ஆள போட்டுடுவான்" என்றார். இன்றும் அவர் அதே ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கிறார்.

மங்கலம்பேட்டைக் கல்லறையில் எல்லாரோடும் சேர்ந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன். கோபத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, தொழிலாளர்களின் தோழி என்று அக்காவைப் புகழ்ந்தார். இயக்குநர் மேல் எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவரை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

பிலோ அக்காவை நம்பினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.