பாவா அழித்த ஒரே கோப்பு

லேப்டாப் ஒரு வாரமாக அடிக்கடி உறைந்து நின்றது. விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன், முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக, இமேஜாக எடுத்து, தனி ஹார்டு டிஸ்கில் வைத்தேன். என் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களும் அதற்குள்தான்.

இன்று திருத்தணி கடையில் லேப்டாப்பை முழுக்க அழித்துவிட்டு, அந்த ஹார்டு டிஸ்கைச் செருகினார்கள்.

“இன்னா சார், மூணு தெலுங்கு சினிமாதான் கீது. இமேஜ் எங்க?” என்றார் கடைக்காரர்.

நேற்று அந்த ஹார்டு டிஸ்கை இரவல் வாங்கித் திருப்பித் தந்தவர், பள்ளிப்பட்டிலிருக்கும் என் அக்காவின் கணவர். போன் செய்தேன்.

“பாவா, அதுல இருந்த ஃபைல்?”

“ஆங், ஒண்ணு பெருசா எடத்த அடைச்சிகினு இருந்துச்சு மச்சான். தொறந்து பாத்தேன், தொறக்கல. கெட்டுப்போனதுன்னு தூக்கிட்டேன். உன் போட்டோ கீட்டோ இருந்தா தொடுவனா?”

“எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனே.”

“சொன்ன. எடம் பத்தலயே.”

அவ்வளவுதான். குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை.

இந்தப் பதிவைப் பார்க்கும், என் அத்தியாயங்களைப் பென் டிரைவில் வாங்கிப்போய், “முழுவதும் படித்தேன், அருமை” என்று சொன்ன மூன்று நண்பர்களே, தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். மதியம் போனில் கேட்டதற்கு, தேடிக்கொண்டிருப்பதாக இருவர் சொன்னார்கள். மூன்றாமவர், என் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டிருக்கிறார்.