மருமகளின் ஜப்பான் மொழிக்கு நான் போட்ட எடை

பாம்பணைமேல் சாய்ந்திருந்தும் உறங்காதவனே, ஓதுபவர் பிழையையும் பொறுத்துக் கேட்பவனே, அழைத்த குரல் எதையும் கேளாது விடாத செவியனே, உன் திருவடிகளே இச்சொற்களுக்குத் துணை. இன்று ஆவணித் திருவோணம். எங்கள் ஊர்ப் பெருமாளுக்குத் திருமஞ்சனம் சேவித்து, கோஷ்டியில் நின்று பாசுரம் ஓதிவிட்டு வந்து இதை எழுத அமர்ந்தேன்.

எங்கள் பூசை மாடத்தருகே ஓர் ஆணியில் கைமணி தொங்குகிறது. அதற்கு அடுத்த ஆணியில் கறுப்பு ஹெட்போன் ஒன்று தொங்குகிறது. அதன் இடப்பக்கத்துப் பஞ்சு கிழிந்து, என் மனைவி பழைய புடவைத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் மணியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஹெட்போனைப் பார்த்து விழிப்பார்கள். அது என் மூத்த மருமகள் ஏமாந்த முதல் படிப்போடு வந்த இலவசப் பொருள். அவள் ஏமாறாத இரண்டாம் படிப்பைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மருமகள் மீஞ்சூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். டிப்ளமா முடித்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்துவந்தாள். அங்கே ஜப்பானியப் பொறியாளர்கள் அடிக்கடி வருவார்கள். அவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்பார். இவள் நெடுநேரம் விளக்குவதை அவர் இரண்டே சொற்களில் முடித்துவிடுவாராம். "நான் இவ்ளோ சொல்றேன் மாமா, அவரு இத்துனூண்டு சொல்றாரு. மீதி எங்க போச்சின்னே தெரியல" என்று ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு ஒன்று வந்தது. அடிப்படை ஜப்பான் மொழி கற்று, பொறியாளர்கள் முன்னிலையில் தன் வேலையைப் பற்றித் தானே பேசிக் காட்டுகிறவருக்கு ஜப்பானிலுள்ள தாய்த் தொழிற்சாலையில் பயிற்சி கிடைக்கும். அவள் பிரிவுக்கு ஓர் இடம். திரும்பி வந்தால் பிரிவின் பொறுப்பும் அவருக்கே. அந்த இடத்தில் நின்று, மீதியில்லாமல் பேசிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசையாயிற்று.

என் மகன் உடனே கைப்பேசியில் ஒரு படிப்புக்குப் பணம் கட்டினான். கட்டியவருக்கு ஹெட்போன் இலவசம். அவளும் சமையலறையிலும் கம்பெனி பஸ்ஸிலும் அதை மாட்டிக்கொண்டு விடாமல் பயின்றாள். அவள் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சைக்குறி விழும். கூடவே ஒரு மணியோசை. சில மாதங்களில் திரை முழுதும் பச்சையாகிவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் பொறியாளர் ஒருவர் அவளிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வாக்கியம் பேசியபோது, அவளால் வாய் திறக்க முடியவில்லை. அன்று மாலை ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தவள் அதைத் தொடவேயில்லை.

எனக்கு ஒரு ஐயம் வந்தது. அந்த ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டு, ஜப்பான் மொழியில் நலம் விசாரிக்கச் சொன்ன இடத்தில் பெருமாள் திருநாமங்கள் மூன்றை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பச்சைக்குறி விழுந்தது, மணி அடித்தது. அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "இன்னாங்க, ஜப்பான்காரன் கூட உங்களுக்குப் பாஸ் போட்டுட்டானா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். மருமகள் சிரிக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் மெச்சுகிற ஒன்றிடம் அத்தனை மாதம் பேசியிருக்கிறோமே என்று அவள் முகம் சுருங்கியதை நான் கண்டேன்.

பிறகு புதுவாயல் கூட்டு ரோட்டில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒரு வகுப்பு நடப்பதாக அவள் கேள்விப்பட்டாள். ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய ஓர் அம்மையார் நடத்தினார். கட்டணம் முன்னதைவிடப் பல மடங்கு. மகன் மறுத்தான். "ஒரு தபா டப்பு கட்டி பேஜாரானது போதாதா நைனா? திரும்பவும் கட்டணுமா?" என்று என்னிடம் முறையிட்டான். அவளோ என் எதிரில் வந்து நின்றாள். "மாமா, நீங்க லாரிக்கே எடை போட்டவரு. இதுக்கும் போட்டுச் சொல்லுங்க. நீங்க வாணாம்னா நான் கேக்க மாட்டேன்" என்றாள். அதன்பின் அந்த ஆசை என் ஒரு சொல்லில் தொங்கியது.

அவள் சொன்னது உண்மை. தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் எடைமேடை எழுத்தராகவே என் உழைப்புக்காலம் கழிந்தது. லாரி காலியாக ஒருமுறை மேடை ஏறும், சரக்கோடு ஒருமுறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் சரக்கு. வண்டியின் வண்ணமும் ஓட்டுநரின் பேச்சும் எடையில் சேரா. ஆகவே அவளை அமரவைத்து, உன் வேலையைப் பற்றி ஜப்பான் மொழியில் இப்போது என்னவெல்லாம் சொல்வாய் என்று கேட்டேன். தன் பெயரையும் வணக்கத்தையும் சொன்னாள். நான் ஒன்றும் புரியாத முகத்தோடு கையை உயர்த்தி அவளை இடையில் நிறுத்தினேன். அவ்வளவுதான், மீதியும் மறந்துபோயிற்று. காலி எடை கிடைத்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அவளோடு அந்த மாடிக்குச் சென்று கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். கீழே சம்மட்டிச் சத்தமும் நெடுஞ்சாலையின் ஹாரன்களும் விடாது கேட்டன. அம்மையார் ஒரு வாக்கியத்தை ஒருமுறை சொன்னார். எதிரில் இருந்தவர்கள் இருமுறை சொன்னார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பஜனைக் கூடத்தில் பாசுரம் பயில்வதும் இப்படித்தான். ஆசான் ஒருமுறை, கற்பவர் இருமுறை. இதைச் சந்தை சொல்லுதல் என்போம். பிழை காதில் விழுந்த இடத்திலேயே ஆசான் நிறுத்துவார். கடல் கடந்த மொழி ஒன்று எங்கள் கூடத்து வழக்கத்தில் வந்து அமர்ந்திருந்தது.

அம்மையார் பிழையைப் பொறுக்கவில்லை; பிழை செய்தவரைப் பொறுத்தார். யார் தடுக்கி விழுந்தாலும் "மோ இச்சிதோ" என்பார். இன்னொரு முறை என்று பொருளாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை ஒரே வாக்கியத்தில் மீண்டும் மீண்டும் நிறுத்தினார். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், கிரேனு கூட இவ்ளோ தபா நிக்காது" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கி, அம்முறை கரை சேர்ந்தார். நான் என்னை அறியாமல் முணுமுணுத்திருக்கிறேன் போலும். "பின்னாடி பெரியவரே, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று அம்மையார் என்னை எழுப்பினார். சொன்னேன். இல்லை என்று தலையசைத்தார். ஆண்டுக்கணக்கில் பிறர் ஓதலைத் திருத்திவந்த எனக்கு அந்தத் தலையசைப்பு தேனாய் இனித்தது. கேட்கும் செவி ஒன்று அங்கே இருந்தது. விலை அந்தச் செவிக்குத்தான். மாடிப்படி இறங்கும்போதே மருமகளிடம் சொன்னேன்: "கட்டும்மா. சரக்கு இருக்கு."

மகனுக்கு அரைமனம். "நைனா பாட்டு கேட்டாலே மயங்கிடுவாரு" என்றான். ஆனாலும் கட்டினான்.

அதன்பின் விடியலில் நான் விளக்கேற்றி ஓதி முடித்ததும் அவள் குளித்துவிட்டு எதிரில் வந்து அமர்வாள். அவள் ஒருமுறை சொல்வாள், நான் இருமுறை சொல்வேன். எனக்குக் கற்பிப்பதால் அவளுக்கு நன்றாகப் பதிந்தது. "பெருமாள் பேரு சொல்ற வாய்க்கு இது தேவையா? பஸ்ஸு வந்துடப் போவுது, அவள நாஷ்டா துன்ன உடுங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். ஆனால் சில நாட்களில் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி அவளும் உள்ளிருந்து இருமுறை சொல்வது எங்களுக்குக் கேட்கும்.

பேசிக் காட்டும் நாள் வந்தது. அன்று நடந்ததை அவளே மாலையில் சொன்னாள். மூன்று பொறியாளர்கள் எதிரில் அமர்ந்திருக்க, மனப்பாடமாய் வைத்திருந்த முதற்பகுதியைத் தொடங்கியிருக்கிறாள். சிறிது நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். மூத்தவர் மெல்லக் கையை உயர்த்தி, இது பாடலா என்று கேட்டாராம். பூசை மாடத்தின் முன் பயின்றதில், நான் பாசுரத்துக்கு இழுக்கும் அதே இழுவையும் அதே ஏற்ற இறக்கமும் அவள் ஜப்பான் மொழியில் ஒட்டிக்கொண்டிருந்தன. தான் பரிசோதிக்கும் பற்சக்கரத்தின் குறைபாட்டை அவள் பெருமாள் சந்நிதியில் ஓதுவதுபோல் ஓதியிருக்கிறாள். "உங்க ராகம் கூடவே வந்துடுச்சி மாமா. எனக்கு எங்க மூஞ்ச வெச்சிக்கறதுன்னே தெரியல" என்றாள். அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"இன்னா செய்யறது? மோ இச்சிதோன்னு சொன்னேன்" என்றாள்.

தானே ஒரு வாய்ப்புக் கேட்டு, ராகத்தை உதறிவிட்டு, பேச்சுக் குரலில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். மூத்தவர் மேசையிலிருந்த பாகத்தைக் கையிலெடுத்து, பயிலாத கேள்விகளைக் கேட்டிருக்கிறார். புரியாத இடங்களில் தயங்காமல் அவரையே இன்னொரு முறை சொல்லச் சொல்லி, புரிந்ததும் விடை சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் ஓரமாய் நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்தாராம். கையை உயர்த்தி நான் நிறுத்தியபோது எல்லாம் மறந்துபோன அதே பெண், பெரியவர்கள் சபையில் நிறுத்தப்பட்டும் உடையாமல் எழுந்து தொடங்கியிருக்கிறாள். எனக்கு வேண்டிய சரக்கு எடை அதுதான். சொற்களை எந்தக் கைப்பேசியும் தந்துவிடும். பிறர் முன் தடுக்கி, பிறர் முன் எழும் பழக்கத்தை இன்னொரு மனிதர் எதிரில் அமர்ந்துதான் தர முடியும். பணம் கட்டலாமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுவே: அங்கே உங்களை நிறுத்துகிறவர் ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அந்த இடம் அவளுக்கே கிடைத்தது. செய்தி வந்த நாளில் மகன் தானே புதுவாயலுக்குப் போய், அம்மையாருக்குப் பழத்தட்டு ஒன்று வைத்துவிட்டு வந்தான்.

இப்போது அவள் அங்கே பயிற்சியில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோவில் அழைப்பாள். என் செவி மங்கிவருவதால், ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வேன். யாரையும் கேளாமல் எல்லாரையும் மெச்சிய அந்தக் கருவி, இப்போது அவள் குரலைக் கொண்டுவந்து என் செவிக்குள் வைக்கிறது. இன்று காலை திருவோணம் என்பதால் அவளே முந்திக்கொண்டு அழைத்தாள். பெருமாளை மனத்தில் சேவித்ததாகச் சொன்னாள். பிறகு புதிதாய்க் கற்ற வாக்கியம் ஒன்றை ஒருமுறை சொன்னாள். அதன் பொருள் எனக்குத் தெரியாது. முறைப்படி இருமுறை சொன்னேன்.

"இல்ல மாமா. ராகம் வாணாம். மோ இச்சிதோ."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

இதைப் படிக்கும் அனைவர்க்கும், பிழையைக் கேட்டு நிறுத்தும் அன்புச் செவி ஒன்று வாய்க்கட்டும். நின்ற இடத்திலிருந்து மீளத் தொடங்கும் நெஞ்சுரம் வாய்க்கட்டும். எம்பெருமான் திருவருளால் உங்கள் இல்லத்து மக்கள் சென்ற திசையெல்லாம் சபையில் தலைநிமிர்ந்து பேசி, நலமாய் வீடு திரும்பட்டும்.