மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பள்ளிகள்

1. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன்களின் மின்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு ஓமானுக்கு அனுப்பியது.
2. கணவர் ஊரில் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறார், வர முடியாது. ஏழு வயது மகள் என்னோடு வருவாள் என்று முடிவு செய்தோம்.
3. முதலில் நான் மட்டும் போய், ஓமானில் மூன்று பள்ளிகளைப் பார்த்து, தமிழும் சொல்லித்தரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழை அசலாகக் கொடுத்தால் மூன்றாம் வகுப்பில் இடம் உண்டு.
4. பத்து நாள் விடுப்பில் வந்து மகளின் பள்ளியில் சான்றிதழ் கேட்டேன். போன வாரமே கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.
5. வாங்கிப் போனவர் என் கணவரின் அக்கா.

அவர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஆசிரியை. இந்தப் பக்கத்துப் பள்ளி அலுவலகங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். டீச்சர் கேட்டால் மறு கேள்வி கிடையாது. விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். எழுத்து அவருடையது, கையெழுத்து என் கணவருடையது. பக்கத்தில் ஏஜென்சியின் சீல் வேறு. என் மகளைச் சுங்கத்திலிருந்து கண்டெய்னரை எடுப்பது போல எடுத்திருந்தார்கள்.

நேரே கணவரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் கூச்சமே இல்லாமல் விளக்கினார். தினமும் காலையில் வெறும் லெட்டர்பேடுகளில் கையெழுத்தும் சீலும் போட்டு மேஜைக்குள் வைத்துவிடுவாராம். அவர் வெளியே போயிருக்கும்போது துறைமுக கேட்டில் லாரி நின்றால், ஆட்கள் அதில் தேவையானதை எழுதிக்கொள்வார்கள். அக்கா வந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் வேண்டும் என்றதும் அதில் ஒன்றை உருவிக் கொடுத்திருக்கிறார். என்ன எழுதப்போகிறார் என்று கேட்கவில்லை. என் வேலையில் அனுமதித் தாளின் கடைசிக் கட்டம் வரை நிரம்பாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். போட்டால் கிரேனுக்குள் இருப்பவன் சாவான்.

"நீயும் முடிவு பண்ணிட்டுத்தான எங்கிட்ட சொன்ன" என்றார். அது உண்மை. பள்ளியை உறுதி செய்த பிறகுதான் அவருக்குப் பள்ளி, கட்டணம், பயணத் தேதி போட்ட அட்டவணை அனுப்பினேன். ஆனால் அதில் எல்லாம் எழுதியிருந்தது.

மறுநாள் நாசரேத்துக்குப் போனேன். நாத்தனார் காப்பி வைத்தார். நான் தொடவில்லை.

"மைனி, டி.சி. எங்க?"

"ஸ்கூல்ல குடுத்தாச்சு. பிள்ள பேரு ரிஜிஸ்தர்ல ஏறியாச்சு. இங்கன எங்கூட இருந்து படிப்பா."

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"அப்பன் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல யாரக் கேக்கணும்? ஏளா, நீ கிரேன் ஓட்டப் போன, போ. பிள்ளையயும் கொக்கியில மாட்டித் தூக்கிட்டுப் போலாம்னு பாக்குதியோ?"

நான் கிரேன் ஓட்டுவதில்லை. திருத்த மனமில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் இங்கே சீட் கிடைக்காது, நடுவில் பிள்ளையின் படிப்பு அரைகுறையாகிவிடும் என்று அவர் விரிவாகச் சொன்னார். சீட்டைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை என்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொன்னால் நான் மறுப்பேன் என்று தெரிந்துதான் தம்பியின் மேஜைக்குப் போனார்.

மகளைச் சேர்த்திருந்தது நாத்தனார் வேலை பார்க்கும் பள்ளியிலேயே; அதன் தலைமை ஆசிரியை மரியாதையாகப் பேசினார். சேர்க்கை அப்பா பெயரில் நடந்திருக்கிறது. விடுவிக்கவும் அப்பாவே நேரில் வந்து எழுதித் தர வேண்டும். அம்மாவின் கடிதம் போதாது.

இதைக் கணவரிடம் சொன்னேன். அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். அக்கா வேலை பார்க்கும் இடத்தில் போய் அக்கா செய்ததை மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்றார். மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள், அவர் வராவிட்டால் மகளின் சேர்க்கை அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதி, சீல் போட்ட கடிதத்தின் நகலோடு கல்வி அலுவலகத்தில் கொடுப்பேன் என்றேன். அப்படிக் கொடுத்தால் அக்காவின் வேலைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கார் சாவியை எடுத்தார். நாசரேத்துக்கு ஓட்டினார். தலைமை ஆசிரியையின் அறையில் நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தார். வராந்தாவில் நாத்தனார் எங்களைக் கடந்து வகுப்புக்குப் போனார்.

மகள் இப்போது ஓமானில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாத்தனார் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. கணவர் வாரம் இருமுறை மகளைப் போனில் கூப்பிடுகிறார், என்னைக் கேட்பதில்லை. ஒப்பந்தம் முடிந்து திரும்பினால் அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவாகவில்லை. நாசரேத் பள்ளியில் சேர்க்க மாட்டேன்.