மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பெரிய எழுத்து

போன வாரம் ஈப்போவில் என் மகளின் மோட்டார் சைக்கிளை ஒரு லாரி உரசிவிட்டது. முழங்கையில் சிராய்ப்புதான். ஆனாலும் போன் அடித்தால் இன்னும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன். அன்று அவள் அனுப்பிய ஆங்கிலச் செய்தியில் ஊர்ப்பெயர், கிளினிக் பெயர் எல்லாமே சின்ன எழுத்து. அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மணமேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை, பெண் பேரை வெள்ளை நுரைப்பலகையில் ஆங்கிலத்தில் வெட்டி, ஜிகினா ஒட்டி மாட்டுவார்கள். எல்லாமே பெரிய எழுத்தாகத்தான் இருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, கத்தியை எடுத்தபோது, பேருக்கு முதல் எழுத்து மட்டும்தான் பெரிதாக வரவேண்டும் என்று நான் பள்ளிப் பாடத்தைச் சொன்னேன்.

"டீச்சரே சொல்லிட்டாங்களா? அப்ப சரிலா," என்று மாமா அப்படியே வெட்டிவிட்டார்.

மறுநாள் காலை தெலுக் இந்தானிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மா, மகன் பேர் எது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டு, மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை ரவி, அத்தை திலகவதி. h, l, t எல்லாம் சின்ன எழுத்தானாலும் உயரமானவை என்பதால், அத்தையின் பேரில் ஐந்து எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. மாப்பிள்ளை பேரில் முதல் எழுத்துக்குத்தான் உயரம். மற்றவை அதன் பக்கத்தில் குந்தியிருந்தன.

"என் மகன உக்கார வச்சிட்டு ஒங்க பொண்ண நிக்க வச்சிருக்கீங்க. இப்பவே இப்படின்னா, நாளைக்கு?"

மேளம் நின்றது. அப்பா மாமாவைப் பார்த்தார்.

"திரும்ப வெட்டப் பலகை இல்ல மச்சான். ஒரு துண்டுதான் கெடக்கு."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த அத்தையின் கண் கலங்கிவிட்டது. நான் சம்பந்தியம்மாவிடம் ஓடினேன். இது மரியாதைக் குறைவில்லை, சுல்தான் பேருக்கும் முருகன் பேருக்கும்கூட ஒரே ஒரு பெரிய எழுத்துதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"முருகனுக்கே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

 அவர் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி தன் பேரைச் சொன்னார். "அத எழுதினா எப்படி வரும் பாப்பா?"

மாமா கொடுத்த துண்டுப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

"இதுல எது பெருசு?"

தொட்டுக் காட்டினேன். அவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பார்த்தார். "மேளத்த அடிக்கச் சொல்லுங்க," என்று உள்ளே நடந்தார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் மாமா பாயச வாளியோடு, "பெரிய எழுத்துக்காரங்கள்லாம் கைதூக்குங்கலா," என்று சுற்றிவந்தார். சம்பந்தியம்மாதான் முதலில் தூக்கினார்.

சாயங்காலம் பஸ் ஏறுமுன், அவர் தன் பேர் எழுதிய அந்தப் பலகைத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைப்பதைப் பார்த்தேன். இன்னும் சந்தேகம் தீரவில்லை, ஊரில் யாரிடமோ காட்டிச் சரிபார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் மறையும்வரை, எழுதியது சரிதானா என்று மனத்துக்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டே நின்றேன்.