லாடம் அடித்த ஷூ

"எங்கூட்டுச் சாவு உங்களுக்கு டான்ஸாக்கா?"

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, என் வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் இப்படிக் கேட்டாள். இருபது ஆண்டுகளாக வேலியின் இடைவெளி வழியே கறிவேப்பிலையும் மோரும் கைமாறிய உறவு எங்களுடையது. அன்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை. குனிந்துகொண்டேன். என் கால்களில் கறுப்புத் தோல் ஷூ இருந்தது. அதன் அடியில் லாடம் இருந்தது.

அறுபத்தொரு வயதில், பாப்பிரெட்டிப்பட்டியில், ஓய்வுபெற்ற நூலகர் ஒருத்தி விடிந்ததும் விடியாததுமாக லாடம் அடித்த ஷூவோடு ஏன் நிற்க வேண்டும்? இந்தப் பத்தியை வாரந்தோறும் வாசிக்கும் உங்களுக்கு அதைச் சொல்லிவிடுவதே நியாயம். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணவர் சர்வேயராக இருந்தவர். மலையடிவாரத்துக் காடுகளையெல்லாம் காலால் அளந்தவர். நான்கு ஆண்டுகளாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தை நாங்கள் பழகிக்கொண்டோம். பழக முடியாதது வேறொன்று – நடந்துகொண்டே இருப்பார், கதவின் நிலைப்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் போகச் சொல்கிறது; பாதம் கேட்பதில்லை. இழுத்தால் விழுவார். தள்ளினாலும் விழுவார். காத்திருக்க வேண்டும்... எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு இருந்த ஆசை மிகச் சிறியது. காலையில் கழிவறைக்குத் தானாக நடந்து போக வேண்டும். படுக்கையறை நிலைப்படியிலிருந்து பதினொரு அடி. அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கயல், தயங்கித் தயங்கி ஒருநாள் போனில் டயப்பர் என்ற சொல்லைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "அது வர்ற அன்னிக்கு நான் கெளம்பிடறேன்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதினொரு அடிக்குத் துணையாக இருந்தவர் மாதையன். கோவிந்தம்மாளின் கணவர். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, தன் வீட்டுக்குள் நுழையும் முன்பே வேலியைத் தாண்டி வருவார். "சார், போலாங்களா? நெலம் அளக்கணும்" என்பார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நடப்பார். பிறகுதான் மாதையனுக்குத் தன் வீட்டுக் காப்பி.

ஆனால் அறுவடை நாட்களில் மாதையன் என்ன செய்வார்? வெளியூர் போனால்? என் கணவருக்கு அது உறுத்தியது. "எத்தன நாளைக்கு அவனத் தொந்தரவு பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதற்கு ஒரு வழி உண்டு என்றார் சேலத்தில் எங்களைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட். சீரான தாளம் காதில் விழுந்தால் சிலருக்கு அந்த ஒட்டிய கால் விடுபடுமாம். கண்ணெதிரே இன்னொருவர் கால் அதே தாளத்தில் அசைந்தால் இன்னும் நல்லதாம். போனில் டிக் டிக் என்று ஒலிக்கும் செயலியை வைத்துப் பார்த்தோம். "பாம் வெடிக்கப் போற மாதிரி இருக்குது, நிறுத்து" என்றார். சினிமாப் பாட்டு வைத்தோம். விரல் தாளம் போட்டது, கால் அசையவில்லை.

அப்போதுதான் கயல் ஒரு வீடியோவை அனுப்பினாள். ஏதோ ஒரு நாட்டில், என் வயதுள்ள ஒரு பெண்மணி, டேப் டான்ஸ் என்னும் காலொலி நடனத்தின் ஓர் அடியை ஆரம்ப நிலையினருக்குச் சொல்லித் தருகிறார். ஷஃபிள் பால் சேஞ்ச் என்று பெயர். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இடது காலில் நின்றுகொண்டு, வலது முன்பாதத்தால் தரையை முன்னோக்கி ஒரு தடவல், பின்னோக்கி ஒரு தடவல். பிறகு அந்தப் பாதத்தைப் பின்னால் ஊன்றி, உடனே இடது காலுக்கு எடையை மாற்ற வேண்டும். நான்கு ஒலிகள் – முதல் இரண்டும் விரைவாக, அடுத்த இரண்டும் நிதானமாக. டகு, டக், டக்.

எளிதுதானே? நானும் அப்படித்தான் எண்ணினேன்.

முதலில் ஷூ வேண்டும். தர்மபுரியில் பட்டை வைத்த கறுப்பு ஷூ ஒன்றை வாங்கி, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய், லாடம் அடித்துத் தரச் சொன்னேன்.

"யாருக்குங்கம்மா?"

"எனக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுல போலீசுல எடுக்கறாங்களா?"

மறுநாள் வாங்கி வந்து, இரண்டு வாரம் விடாமல் பயிற்சி செய்தேன். டைல்ஸ் தரை வழுக்கியது. ஆட்டுக்கொட்டகையில் கிடந்த பலகை ஒன்றைக் கழுவி எடுத்துவந்து எங்கள் கூடத்தில் போட்டவரும் மாதையன்தான். பலகை நன்றாக இருந்தது. ஆனால் ஒலி வரவில்லை. தோல் உரசும் ஓசைதான். எவ்வளவு ஓங்கித் தட்டியும் பயனில்லை. கயலுக்கு வீடியோ காலில் செய்து காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் நழுவிவிட்டது.

"அம்மா... லாடம் எங்கம்மா இருக்குது?"

வேறெங்கே இருக்கும்? குதிகாலில். எங்கள் பக்கத்தில் செருப்புக்கு லாடம் என்றால் தேயாமல் இருக்கக் குதிகாலில் அடிப்பதுதான் வழக்கம். சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை; கேட்க வேண்டும் என்று செருப்புத் தைப்பவருக்கும் தோன்றவில்லை. குதிகாலில் இரும்பை வைத்துக்கொண்டு முன்பாதத்தால் இரண்டு வாரம் ஒலியைத் தேடியிருக்கிறேன்!

திரும்பவும் போனேன். "முன்னாடி வெச்சா சறுக்கி உளுவீங்க, நான் சொல்லிட்டேன்" என்று எச்சரித்துத்தான் அடித்துக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்க்கவில்லை. மூன்றாம் நாள் விழுந்தேன்.

கற்பதற்கு வயது தடையில்லை என்று மேடைகளில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்கு முழங்கால் வலி இருந்திராது. கணுக்காலைத் தளர விடுங்கள், அது ஈரத்துணி போலத் தொங்கட்டும் என்கிறார் அந்த வீடியோப் பெண்மணி. வாழ்நாள் முழுவதும் தரையை அழுத்தி நடந்த கால் எப்படித் தொங்கும்? தொடையிலிருந்து உதைத்தேன். ஒலி வந்தது, சீர் வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடி என் கணவர் கேட்டுக்கொண்டிருப்பார். "நொண்டுது" என்பார். நொண்டுகிற தாளத்துக்கு அவர் கால் எப்படி அசையும்? அசையவில்லை.

மாதையனுக்கு இது பெரிய வேடிக்கை. "அக்கா, கோயில் திருவிழாவுக்கு உங்களத்தான் புக் பண்ணப் போறோம்" என்பார். அவர் தோளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே என் கணவர் நடப்பார். நான் பலகையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், மஞ்சள் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாதையன் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு எடுத்தார்கள். எங்கள் தெருவில் பாடை போகும்போது வீடுகளின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நோயாளிகளைப் பின்னறையில் படுக்க வைப்பார்கள். நானும் கேட்டைச் சாத்தினேன். ஆனால் என் கணவர் படுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். நிலைப்படி வரை வந்தார். நின்றுவிட்டார்.

"ஒரு தடவ பாத்துட்டு வரணும்" என்றார். கண்ணீர் வழிந்தது. கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கையைப் பிடித்தேன், கெஞ்சினேன், எண்ணிக்கை சொன்னேன்... ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு வாசலில் பறை எழுந்தது.

அந்தப் பறைக் கலைஞர்களே கோயில் திருவிழாவிலும் அடிக்கிறார்கள். அங்கே அடி வேறு. இது வழியனுப்பும் அடி. நிதானமாக, கடைசியில் மட்டும் ஒரு கனம். என் கணவரின் தலை நிமிர்ந்தது. வலது பாதம் தூக்கிக்கொண்டது. நிலைப்படியைத் தாண்டினார். கூடத்தைத் தாண்டினார். வராந்தாப் படி இரண்டையும் இறங்கினார். நான் தொடாமல் பின்னாலேயே போனேன். கேட்டைத் தானே திறந்தார். பாடை எங்கள் வாசலைக் கடந்தபோது, நடுங்கும் இரு கைகளையும் குவித்து நின்றார்.

தண்ணீர்த் தொட்டி முனையில் ஊர்வலம் திரும்பி ஒலி தேய்ந்ததும், கேட்டருகே அப்படியே உறைந்துபோனார். உள்ளே அழைத்து வர மூன்று பேருக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன் – அழுகைக்கு நடுவிலேயே ஒன்றைக் கவனித்தும் இருந்தேன். என் அடியிலும் அதே நான்கு ஒலிகள்தாம். நான் முதல் ஒலியை ஓங்கிவிட்டு மற்றவற்றை அவசரமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். பறை முதல் மூன்றையும் மென்மையாக விட்டுக் கடைசியில் கனத்தை இறக்கியது. அவர் கால் எழுந்தது அந்தக் கனத்தில்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை ஷூவைத் தொடவில்லை. அத்தனை நாள் காலையிலும் அவரை நிலைப்படியிலிருந்து அழைத்துப் போக நான் பட்ட பாடும், அவர் பட்ட அவமானமும் இங்கே எழுதத் தக்கவை அல்ல. ஒருநாள் அவரே, "கயலு சொன்னத வாங்கிடலாம்" என்றார். மறுநாள் காலை ஷூவை மாட்டினேன்.

கணுக்கால் தானாகத் தொங்கியது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டகு, டக், டக் – கடைசி ஒலியில் முழு எடை. மீண்டும். மீண்டும். அவர் பாதம் எழுந்தது. பதினொரு அடி. கழிவறைக் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தவருக்கு அந்த அடி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. "என்னோடதுக்கு ஒத்திகையா?" என்றார். பிறகு, "மெதுவாவே அடி. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். இருவரும் சிரித்தோம். நெடுநாளைக்குப் பின்.

ஐந்து நாட்கள் இப்படி நடந்தன. அந்த ஒலி வேலிக்கு அந்தப் பக்கமும் போகும் என்பது நூலகத்தில் முப்பது ஆண்டுகள் அமைதி காத்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

ஆறாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

"அந்த அடிய ஏங்க்கா வூட்டுக்குள்ள அடிக்கறீங்க? அஞ்சு நாளாக் கேட்டுட்டுக் கெடக்கறேன். தெனமும் அவர எடுத்துட்டுப் போறாப்புல இருக்குதுங்கக்கா..."

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவள் கதவைத் தட்டியதும் நான் அடியை நிறுத்தியிருந்தேன். என் கணவர் நிலைப்படியில் ஒரு காலை முன்வைத்தபடி அகப்பட்டு நின்றார். கைகள் நிலையைப் பற்றியிருந்தன. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதிக நேரம் தாங்காது என்று.

கோவிந்தம்மாள் அவரைப் பார்த்தாள். என் ஷூவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள், அது அவள் வீட்டுப் பலகை.

"அடிங்க" என்றாள்.

"வேண்டாம் கோவிந்தம்மா, நான் கையப் புடிச்சு..."

"அவரு நிக்கறாருங்கக்கா. அடிங்க."

அடித்தேன். என் வாழ்வில் அவ்வளவு மெதுவாக அந்த அடியைப் போட்டதில்லை. அவர் நடந்தார். கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்பட்டதும் சுவரோரம் உட்கார்ந்தாள். நானும் ஷூவைக் கழற்றிவிட்டு அருகில் அமர்ந்தேன்.

"நிறுத்திடறேன்" என்றேன்.

"நிறுத்தாதீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சார் நடக்கட்டும். ஆனா, ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் மட்டும் வேண்டாங்கக்கா. அது அவரு பால் ஊத்திட்டு வர்ற நேரம். மொபெட் ஸ்டேண்டு போடற சத்தம் கேக்குதான்னு ஒக்காந்திருக்கேன். கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும்... ஒக்காந்திருக்கேன்."

ஒருத்திக்கு ஒலி வேண்டும், அடுத்தவளுக்கு அமைதி வேண்டும். இருவருக்கும் அது ஒரே மணி நேரத்தில் வேண்டும். நான் வாசித்த எந்த நூலிலும் இதற்குத் தீர்வு இல்லை. கோவிந்தம்மாள்தான் ஒரு கடிகாரக் கோடு போட்டுக் கொடுத்தாள். ஏழு மணிக்கு மேல் என் வீட்டில் லாடம் ஒலிக்கிறது. அவர் தானாக நடக்கிறார். இன்னும் எத்தனை மாதம் அந்தக் கால் கேட்கும் என்பதை மருத்துவரிடம் நான் கேட்கவில்லை.

இந்த வாரம் முழுவதும் ஏழு மணி வரை அவர் கட்டில் விளிம்பில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வெறுங்காலோடு பக்கத்தில் இருக்கிறேன். இருமுவதற்குக்கூட மனம் வருவதில்லை.

நேற்று ஆறரை மணிக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தபடி, மிகத் தாழ்ந்த குரலில் என் கணவர் கேட்டார்: "மாதையன் வந்தாச்சா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.