தேனீக்கும் சபதம்

கருப்பட்டிப் பாகு கொதிக்கும் வாசனைக்கு எல்லோருக்கும் நாவில் நீர் ஊறும். எனக்கு மட்டும் இன்றும் அந்த வாசனை ஆகாது.

சங்கரன்கோவிலில் நான் இரண்டாம் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு, படித்த வருஷம், அப்பா ஒரு மரப்பெட்டி வாங்கி, சிவகிரி மலையடிவாரத்து மரப்பொந்திலிருந்து பிடித்துவந்த தேனீக் கூட்டத்தை அதில் குடியேற்றிக் கிணற்றடியில் வைத்தார். கதர் தவிர வேறு உடுத்தாதவர். ஆலைச் சீனியைத் தொடுவதில்லை என்று சபதம் செய்து, ரேஷன் சீனியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர். அதுவரை எனக்கும் அதில் பெருமைதான்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. பூவும் இல்லை, தேனீப் பூச்சி வெளியே போகவும் வழியில்லை. இப்படி அடைந்து கிடக்கும்போது தீனியாக வெள்ளைச் சீனிப் பாகுதான் வைக்க வேண்டும், கருப்பட்டி வைத்தால் கழிச்சல் கண்டு செத்துப்போகும் என்று பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. வரி வரியாக வாசித்துக் காட்டினேன். எழுதினவன் மில்லுக்காரனுக்கு வேண்டியவனாக இருப்பான் என்று சிரித்தார் அப்பா. தேங்காய்ச் சிரட்டையில் கருப்பட்டிப் பாகை ஊற்றி, பூச்சி மூழ்காமலிருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வைத்தார்.

நான் விடவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், நாங்கள் கொடுத்த சீனியிலேயே ஒரு டம்ளர் வாங்கி வந்தேன். வாசலிலேயே அப்பா மறித்துக்கொண்டார்.

"மில்லு சீனி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா வரக்கூடாதுட்டீ."

"பூச்சியும் கதர்தான் உடுத்துதாப்பா?"

அடுப்படியிலிருந்த அம்மா சிரித்துவிட்டாள். அதுதான் வினையாயிற்று. டம்ளரைப் பிடுங்கி மழைச்சேற்றில் கொட்டினார்.

ஐந்தாம் நாள் பெட்டியின் முகப்பெல்லாம் கோடு கோடாகப் பழுப்புக் கழிச்சல். வயிறு உப்பிய தேனீக்கள் பறக்கமாட்டாமல் நனைந்த தரையில் ஊர்ந்தன. மழை விட்டு மூடியைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை. குவியலாகக் கிடந்தவற்றை முறத்தில் வாரியவள் நான்தான். கேட்டவர்களிடமெல்லாம் "மழைக்குத் தாங்கல" என்றார் அப்பா. மழையாம்! சபதம் எடுத்தவர் காலமெல்லாம் சீனியில்லாமல் இருந்துகொள்ளட்டும், யார் கேட்டது? அந்த வாயில்லாச் சீவன்களா அவரோடு சேர்ந்து கையடித்துக் கொடுத்தன?

கிணற்றடியில் பெட்டி இருந்த இடத்தில் இப்போது துவைகல் கிடக்கிறது. சபதமும் எங்கோ போய்விட்டது; எந்த வருஷம் போனதென்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. காலைக் காபிக்கு அப்பாவுக்கு இரண்டு கரண்டி சீனி வேண்டும். போன வாரம் கேட்டே விட்டேன், சபதம் என்னாயிற்று என்று.

"அது அந்தக் காலம் மக்கா," என்றவர், டம்ளரை என் பக்கம் நீட்டி, இன்னும் அரைக் கரண்டி போடச் சொன்னார். தேனீயின் நினைப்பே அவருக்கு வரவில்லை. நான் போடாமல் எழுந்து போய்விட்டேன்.