மலையில் கேட்ட ‘நீங்க’

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவரை நண்பர்கள் ‘கூட்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு ரயில் மாதிரி ஆடி அசைந்து வருவார். வயது ஐம்பத்தொன்று, தொந்தி வேறு. இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, கம்பி வடத்தைப் பார்த்து, கதவுச் சக்கரத்தை மாற்றிப் பிழைக்கிறவர். “ஊரையே மேல ஏத்தி விடுறீங்க, உங்களுக்கு ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது” என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரை மலையேற இழுத்துப்போனவர் மாஸ்டர். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர், உடம்பு தேக்குக் கட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்ஸ், மாஸ்டர், மருந்துக்கடைக்காரர் மூவருக்கும் ஒரே வாடகை அறை. மூன்று கட்டில், ஒரு வாளி, சாத்தினால் திறக்காத ஒரு ஜன்னல். கல்யாணமாகித் தனித்தனி வீடு போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையானால் கூடிவிடுவார்கள்.

“கால் நல்லா இருக்கும்போதே ஒரு பெரிய மலையைப் பாத்துடணும்டா” என்றார் மாஸ்டர்.

“ஆளை விடுங்கடா.”

“மெதுவா நட. யாரு உன்னை ஓடச் சொன்னா?”

ஆறு மாதம் கூட்ஸ் வேலைக்குப் போன கட்டடங்களிலெல்லாம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினார். “லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே?” என்று குடியிருப்பவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

மூவரும் ஒரு வழிகாட்டிப் பெண்ணோடு மலையேறத் தொடங்கி நான்காம் நாள். மரம், புல் எல்லாம் எப்போதோ முடிந்து, வெறும் பாறையும் பனியும்தான். பத்து அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தினமும் கூட்ஸ் அரை மணி நேரம் பிந்தி வருவார். மாஸ்டர் பாதி தூரம் திரும்பி வந்து அவர் பையை வாங்கிக்கொள்வார். அன்று வரவில்லை. காலையிலிருந்தே மாஸ்டரின் பேச்சு குறைந்திருந்தது. “தலைவலிதான், சரியாத் தூங்கல” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மதியம் கூட்ஸ் மேலே வந்து சேர்ந்தபோது மாஸ்டர் பாறையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவே இல்லை. மறுபடியும் கட்டினார். மறுபடியும் அவிழ்ந்தது.

“என்னடா, ரிப்பேரா? ஸ்பேனர் தரட்டுமா?” என்று சிரித்தார் கூட்ஸ்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க யாருங்க?”

கூட்ஸ் விளையாட்டென்றே நினைத்தார். அடுத்த கணம் அந்த முகத்தில் விளையாட்டு இல்லை என்பது தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் ‘டா’ போடாமல் அவன் பேசியதே இல்லை. கோபத்தில் திட்டும்போதுகூட. அந்த ‘நீங்க’வைக் கேட்டதும் கூட்ஸ் வழிகாட்டியைக் கூவி அழைத்தார்.

வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். மாஸ்டர் இரண்டாம் அடியிலேயே தள்ளாடி விழப்போனார்.

“உயரம் ஒத்துக்காம மூளையில நீர் கோத்திருக்கு சார். இப்பவே கீழ இறக்கணும். தாமதிச்சா ஆள் தேறமாட்டார்.”

அவள் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரையை மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை கீழே தவறவிட்டுத்தான் மாஸ்டரின் வாயில் போட்டார். தினமும் நூறு பேருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் கை.

ஆனால் மாஸ்டர் எழுந்திருக்க மறுத்தார். “நான் வரமுடியாதுங்க. என் ஃப்ரெண்டு பின்னால வந்துட்டிருக்கான். கூட்ஸ்னு பேரு, மெதுவாத்தான் வருவான். அவனைத் தனியா விட்டுட்டு இறங்கமாட்டேன்.”

“டேய், நான்தாண்டா கூட்ஸ்! என்னைப் பாருடா!”

“விளையாடாதீங்க சார்” என்று கையை உதறினார் மாஸ்டர். பத்து நிமிஷம் போயிற்று. கெஞ்சினார்கள், இழுத்தார்கள், அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

கூட்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கே புதிதான ஒரு குரலில் கேட்டார்: “சார், உங்க ஃப்ரெண்டு தொந்தியா இருப்பாரே, அவர்தானே? அவர் முன்னாடியே இறங்கிட்டாரு. கீழ உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காரு.”

“தனியாவா? ஐயோ, அவனுக்கு மூச்சு வாங்குமே! வாங்க, வாங்க.” மாஸ்டர் தானே எழுந்தார்.

மூன்று மணி நேரம். மாஸ்டரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கூட்ஸ் இறங்கினார். எங்கும் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு மாஸ்டர் கேட்டார், “அவன் இருக்கானா?” ஒவ்வொரு தடவையும் கூட்ஸ் சொன்னார், “இருக்காரு சார்.”

வெளிச்சம் இருக்கும்போதே, மலையேறுபவர்கள் தங்கும் கீழ்க் குடிசைக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஆக்ஸிஜன் இருந்தது. பிறகு ஸ்ட்ரெச்சர், ஜீப், ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் மாஸ்டர் தெளிந்து கண் விழித்தார். “ஏண்டா, உன் மூக்கு ஏன் இப்படித் தோல் உரிஞ்சு கிடக்கு?” என்றார். கூட்ஸ் வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் முழுசாகத் தேறி நீச்சல் குளத்துக்குத் திரும்பிவிட்டார். இனி மலைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. சொன்னால், “கதை விடாதீங்கடா” என்கிறார்.

கூட்ஸ் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு ஃபோன் போடுகிறார்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான்.”

“லூசாடா நீ? இதுக்கா தினமும் ஃபோன் பண்ற?”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் செருப்பு மாட்டுகிறார்.